ஸ்கின் விலை தேடும் கருவி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் ஒரே ஸ்கினுக்கு (துப்பாக்கி, கத்தி போன்றவற்றின் அலங்காரத் தோற்றம்) ஸ்டீம் கம்யூனிட்டி மார்க்கெட்டில் ஒரு விலையும், வெளிச் சந்தைகளான ஸ்கின்போர்ட்டில் இன்னொரு விலையும், சிஎஸ்ஃப்ளோட்டில் வேறொரு விலையும் இருக்கும். இவற்றை ஒரே அட்டவணையில் கொண்டுவந்து காட்டும் பைத்தான் ஸ்கிரிப்டையோ கூகுள் ஷீட்டையோ பலர் தாமே எழுதியோ நண்பரிடம் கேட்டு வாங்கியோ வைத்திருக்கிறார்கள். அத்தகைய கருவிகளைச் சரிசெய்து தரும் வேலை எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. வரும் கோளாறுகளும் பெரும்பாலும் பழகியவையே என்பதால், அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசும் நேரமும் குறைவாகப் பிடிக்கும் காரணம் முதலில் வரும்.

விலையே காட்டாத கருவியைவிடத் தவறான விலையைக் காட்டும் கருவி ஆபத்தானது. காலியான கட்டத்தைப் பார்த்து யாரும் கத்தியை விற்பதில்லை. தவறான எண்ணை நம்பி விற்றவர்கள் உண்டு. எனவே கீழே எந்த இடத்திலும் சந்தேகம் வந்தால், எண்ணை ஊகித்து நிரப்பாமல் கட்டத்தைக் காலியாக விடும்படி கருவியை மாற்றுவதே என் பரிந்துரை.

## எல்லா அறிகுறிக்கும் முன்: மூலப் பதிலை எடுத்து வையுங்கள்

அட்டவணையைப் பார்த்துக் காரணத்தைக் கணிக்க முயல வேண்டாம். சந்தை அனுப்பிய மூலப் பதிலையும், அதனுடன் வந்த ஹெச்டிடிபி நிலைக் குறியீட்டையும் (கோரிக்கை என்ன ஆனது என்று சர்வர் சொல்லும் எண்) அப்படியே ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் விலைச் சுருக்கத்தைத் தரும் ஸ்டீமின் பிரைஸ்ஓவர்வியூ முகவரிக்கு விளையாட்டின் எண், நாணயத்தின் எண், பொருளின் மார்க்கெட் ஹாஷ் பெயர் (சந்தை அதை அடையாளம் காணும் பெயர்) ஆகிய மூன்றும் போதும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு 730. 2023 செப்டம்பரில் சிஎஸ்:கோ போய்ப் புதிய விளையாட்டு வந்தபோதும் இந்த எண் மாறவில்லை. இந்திய ரூபாய்க்கு 24, அமெரிக்க டாலருக்கு 1, யூரோவுக்கு 3.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் 200 என்ற குறியீட்டுடன் நான்கு விவரங்கள் வரும்: கோரிக்கை வெற்றியா இல்லையா, விற்பனைக்கு உள்ளவற்றில் மிகக் குறைந்த விலை, கடந்த 24 மணி நேரத்தில் விற்ற எண்ணிக்கை, அந்த விற்பனைகளின் மீடியன் (நடு) விலை. உங்களுக்கு வந்த பதில் இதிலிருந்து எங்கே மாறுபடுகிறது என்பதை வைத்தே கீழே எந்தப் பகுதிக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.

## அறிகுறி 1: எந்தப் பொருளுக்கும் விலை வரவில்லை

### உலாவியிலும் சந்தை திறக்கவில்லை என்றால்

ஸ்டீமின் வாராந்திரப் பராமரிப்பு அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நடக்கும். நமக்கு அது புதன்கிழமை அதிகாலை. அந்த நேரத்தில் மட்டும் கருவி தோற்றால் அதில் கை வைக்க வேண்டாம். புதன் அதிகாலையில் ஓடும்படி அமைத்திருக்கும் வேலையைச் சில மணி நேரம் தள்ளி வைத்தால் போதும்.

### உலாவியில் திறக்கிறது, கருவிக்கு மட்டும் 429 வருகிறது என்றால்

அளவுக்கு மேல் கோரிக்கை அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். இதுவே நான் மிக அதிகமாகப் பார்க்கும் கோளாறு. ஸ்டீம் 429 அனுப்பும்போது பதிலின் உடலில் வெறும் நல் என்ற வெற்று மதிப்பு வரும். நிலைக் குறியீட்டைப் பார்க்காமல் பதிலை மட்டும் வாசிக்கும் ஸ்கிரிப்ட் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு, பட்டியல் முழுவதற்கும் 0 ரூபாய் என எழுதிவிடும். ஆகவே முதல் திருத்தம் வேகத்தில் அல்ல, வாசிப்பில்: 200 தவிர வேறு எந்தக் குறியீடு வந்தாலும் அந்தக் கட்டத்தைத் தொடக் கூடாது.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 20 கோரிக்கை என்பது பயன்படுத்துவோரிடையே புழங்கும் கணக்கே தவிர, எழுதித் தரப்பட்ட வரம்பு அல்ல. அந்த எல்லையை ஒட்டி ஓட்டாமல், ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 5 வினாடி விடுங்கள். 200 பொருட்கள் உள்ள பட்டியல் அப்போது ஏறத்தாழ 17 நிமிடம் எடுக்கும். இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று ஒளிந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், முதல் ஓட்டம் முடிவதற்குள் இரண்டாவது ஓட்டம் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து அனுப்பும்போது இடைவெளி பாதியாகிறது. ஓர் ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று தொடங்காதபடி ஒரு பூட்டுக் கோப்பை வையுங்கள். ஸ்டீம் விலையை மணிக்கு ஒருமுறை எடுத்தாலே பெரும்பாலான தேவைகளுக்குப் போதும்.

429 வந்த பிறகு விடாமல் மீண்டும் மீண்டும் முயலும் ஸ்கிரிப்ட் தன் தடையைத் தானே நீட்டித்துக்கொள்கிறது. முதல் முறை ஒரு நிமிடம், அடுத்து இரண்டு, பிறகு நான்கு எனக் காத்திருப்பை இரட்டிப்பாக்க வேண்டும். ஐந்தாவது முறையும் தோற்றால் அன்றைய ஓட்டத்தைக் கைவிட்டுவிடலாம்.

இடைவெளி சரியாக இருந்தும் 429 தொடர்ந்தால், உங்கள் ஐபி முகவரியை வேறு யாரேனும் பகிர்கிறார்களா என்று பாருங்கள். கைபேசி இணையத்தில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் இருப்பது வழக்கம். விபிஎன்னும் அப்படியே. கூகுள் ஷீட்டிலிருந்து நேரடியாக விலையை இழுக்கும் சூத்திரங்களின் கோரிக்கைகள் உங்கள் வீட்டிலிருந்து போவதில்லை. கூகுளின் சர்வர்களிலிருந்து, உங்களைப் போன்ற பலரின் கோரிக்கைகளோடு கலந்து போகின்றன. ஷீட்டுக்குள் எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. வீட்டுக் கணினியில் ஸ்கிரிப்ட் விலையை எடுத்து, முடிவை மட்டும் ஷீட்டுக்கு அனுப்பும்படி மாற்றுவதே வழி.

### பதில் வருகிறது, ஆனால் வாசிக்க முடியவில்லை என்றால்

பைத்தான், முதல் வரியின் முதல் எழுத்திலேயே மதிப்பை எதிர்பார்த்தேன் என்று பிழை காட்டினால், வந்தது ஜேசன் (ஸ்கிரிப்ட் வாசிக்கும் தரவு வடிவம்) அல்ல. சேமித்த மூலப் பதிலைத் திறந்து பாருங்கள். அது ஒரு வலைப்பக்கமாக இருந்து, குறியீடு 403 ஆகவும் இருந்தால், நீங்கள் மனிதரா என்று சோதிக்கும் பக்கத்தைச் சந்தை அனுப்பியிருக்கிறது. அதை ஏமாற்றிக் கடக்கும் உத்திகளைத் தேடிப் போகாதீர்கள். அவை சில வாரங்களில் உடையும், கணக்கும் முடக்கப்படலாம். அந்தச் சந்தை வெளியிட்டுள்ள ஏபிஐக்கு (ஸ்கிரிப்டுகள் தரவைக் கேட்டுப் பெறுவதற்கான அதிகாரபூர்வ வழி) மாறுங்கள். ஏபிஐ இல்லாத சந்தையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

மூலப் பதில் பொருளற்ற குறிகளாக இருந்தால், அது சுருக்கப்பட்ட நிலையிலேயே வந்திருக்கிறது. ஸ்கின்போர்ட்டின் பொருட்பட்டியல் ஏபிஐ ப்ராட்லி முறையில் சுருக்கிய பதிலையே தருகிறது; கோரிக்கையின் தலைப்பில் ப்ராட்லியை ஏற்பதாகச் சொல்லாவிட்டால் பதிலே கிடைக்காது, சொல்லிவிட்டு அதை விரிக்கும் பைத்தான் தொகுப்பை நிறுவாவிட்டால் குப்பைதான் கிடைக்கும். இரண்டையும் சரிபாருங்கள். அந்த ஏபிஐ 5 நிமிடத்துக்கு 8 கோரிக்கைகளை மட்டுமே அனுமதிக்கிறது. ஆனால் ஒரே கோரிக்கையில் முழுப் பட்டியலும் வந்துவிடுவதால், பொருளுக்கு ஒருமுறை அதைக் கூப்பிடும் ஸ்கிரிப்ட் அடிப்படையிலேயே தவறாக எழுதப்பட்டது. ஒருமுறை எடுத்துச் சேமித்து, அதற்குள் தேடும்படி மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்தும் பல்லாயிரம் பொருட்களின் விலை சில நிமிட இடைவெளியில் தேவை என்றால், வீட்டு ஸ்கிரிப்டால் அதைச் சாதிக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு விலைத் தரவு தரும் சேவைக்குச் சந்தா கட்டுங்கள், அல்லது ஏபிஐ வேலை தெரிந்த ஒரு நிரலாளரிடம் ஒப்படையுங்கள். அதற்குக் குறைவான தேவைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

## அறிகுறி 2: சில பொருட்களுக்கு மட்டும் விலை இல்லை

### பெயர் எழுத்துக்கு எழுத்து சரியா?

இந்த அறிகுறியில் நான் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் பெயரைத்தான் பார்ப்பேன். ஸ்டீம் பொருளை எண்ணால் அல்ல, மார்க்கெட் ஹாஷ் பெயரால் அடையாளம் காண்கிறது. அதில் ஓர் எழுத்து பிசகினாலும் அது வேறு பொருள் அல்லது இல்லாத பொருள். ஸ்டாட்ட்ராக் (கொலைகளை எண்ணிக் காட்டும் வகை) என்ற சொல்லுக்குப் பின் வணிகக் குறி ™ கட்டாயம். கத்திகளுக்கும் கையுறைகளுக்கும் முன்னால் ★ வர வேண்டும். ஸ்டாட்ட்ராக் கத்தியாக இருந்தால் ★ முதலிலும் ஸ்டாட்ட்ராக் அதற்கு அடுத்தும் வரும். ஃபைவ்-செவன் துப்பாக்கியின் ஆங்கிலப் பெயரில் கடைசி எழுத்து பெரிய எழுத்து. எம்4ஏ4 டிராகன் கிங் ஸ்கினின் பெயரிலோ, அடைப்புக்குறிக்கு முன்னால் இரண்டு சீன எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுத் தேடினால் எத்தனை முறை தேடினாலும் ஒன்றும் வராது.

ஏகே-47 என்ற பெயரில் உள்ள சிறு கோட்டையும் கவனியுங்கள். பட்டியலை வேர்டு போன்ற செயலியில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தால், அது சில இடங்களில் அந்தக் கோட்டைத் தானாகவே நீளக் கோடாக மாற்றியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சந்தைக்கு அல்ல. பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடமும் இதே விளைவைத் தரும்.

சோதனை எளிது: பொருளின் ஸ்டீம் சந்தைப் பக்கத்தை உலாவியில் திறந்து, முகவரிப் பட்டையில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக் கருவியில் கொடுங்கள். விலை வந்துவிட்டால் பட்டியலில்தான் பிழை. பொருட்பட்டியலை இன்வென்டரியிலிருந்து (ஸ்டீம் கணக்கில் உள்ள பொருட்களின் இருப்பு) தானாக எடுப்பவர்கள், பெயர் என்ற புலத்தையும் மார்க்கெட் பெயர் என்ற புலத்தையும் விட்டு மார்க்கெட் ஹாஷ் பெயரை மட்டுமே எடுக்க வேண்டும். மற்றவை மொழி அமைப்புக்கு ஏற்ப மாறக்கூடியவை. வெற்றிடம், செங்குத்துக் கோடு, ™, ★ ஆகியவற்றைக் கோரிக்கையில் அனுப்பும்போது முகவரிக்கேற்பக் குறியாக்கம் செய்ய வேண்டும். அதைக் கையால் செய்யாமல் நூலகத்திடம் விட்டுவிடுங்கள். கையால் ஒருமுறையும் நூலகம் ஒருமுறையுமாக இரண்டு முறை குறியாக்கம் நடந்து பெயர் சிதைவதும் உண்டு.

### அந்தத் தேய்மான நிலையில் அந்த ஸ்கின் உண்டா?

ஃபேக்டரி நியூ முதல் பேட்டில்-ஸ்கார்டு வரை ஐந்து தேய்மான நிலைகள் உள்ளன, 0.07, 0.15, 0.38, 0.45 ஆகியவை அவற்றைப் பிரிக்கும் ஃப்ளோட் (தேய்மானத்தை 0 முதல் 1 வரை குறிக்கும் எண்) எல்லைகள். ஆனால் எல்லா ஸ்கின்களும் 0 முதல் 1 வரை முழுமையாகப் பரவுவதில்லை. ஏகே-47 ரெட்லைனின் ஃப்ளோட் 0.10-இல் தொடங்குவதால் ஃபேக்டரி நியூ ரெட்லைன் என்ற பொருளே கிடையாது. ஏடபிள்யூபி அசிமோவ் 0.18-இல் தொடங்குகிறது, எனவே அதில் மினிமல் வேர் என்ற இரண்டாம் நிலையும் இல்லை. ஐந்து நிலைகளையும் ஒவ்வொரு ஸ்கினுக்கும் தானாக உருவாக்கும் பட்டியல்களில் இப்படிப்பட்ட வெற்று வரிகள் நிறைய இருக்கும். அவற்றைப் பிழையாகக் கருதாமல் பட்டியலிலிருந்து நீக்குங்கள். கோரிக்கைகளின் எண்ணிக்கையும் குறையும்.

எந்தப் பெயின்டும் இல்லாத வெறும் கத்திகளுக்குத் தேய்மான நிலை பெயரில் வராது. ★ கராம்பிட் என்பதோடு பெயர் முடிந்துவிடும்.

### பெயர் சரி, பொருளும் உண்டு, ஆனால் புலம் இல்லை என்றால்

வெற்றி என்று பதில் வந்தும் குறைந்த விலை இல்லாவிட்டால், இப்போது யாரும் அதை ஸ்டீமில் விற்பனைக்கு வைக்கவில்லை. மீடியன் விலை இல்லாவிட்டால், கடந்த 24 மணி நேரத்தில் அது விற்கவில்லை. ஸ்டீம் சந்தையில் ஒரு பொருளுக்கு வைக்கக்கூடிய விலைக்கு உச்சவரம்பு இருப்பதால், ஏடபிள்யூபி டிராகன் லோர் ஃபேக்டரி நியூ போன்ற மிக விலையுயர்ந்த பொருட்கள் அங்கே ஏறத்தாழ எப்போதும் இல்லாமலேயே இருக்கும். அவற்றுக்கு ஸ்கின்போர்ட், சிஎஸ்ஃப்ளோட் போன்ற பணச் சந்தைகளின் விலையை மட்டும் காட்டுவதே நேர்மை. ஸ்டீம் கட்டத்தில் பழைய விலையைப் போட்டு நிரப்ப வேண்டாம்.

## அறிகுறி 3: விலை வருகிறது, ஆனால் மடங்குக் கணக்கில் தவறு

### 100 மடங்கு

சிஎஸ்ஃப்ளோட் விலையை டாலரில் அல்ல, சென்டில், முழு எண்ணாகத் தருகிறது. ஸ்கின்போர்ட்டோ கேட்ட நாணயத்தில் தசமப் புள்ளியுடன் தருகிறது. இரண்டையும் ஒரே செயற்கூறால் வாசிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை 100 மடங்கு பெருக்கிக் காட்டும். ஒவ்வொரு சந்தைக்கும் தனி வாசிப்புச் செயற்கூறு எழுதி, எல்லாவற்றையும் சென்டு அல்லது பைசா என்ற முழு எண்ணாக மாற்றிச் சேமியுங்கள். அட்டவணையில் காட்டும் கடைசித் தருணத்தில் மட்டும் 100-ஆல் வகுக்கலாம்.

### காற்புள்ளியும் புள்ளியும்

ஸ்டீம் விலையை எண்ணாகத் தருவதில்லை; நாணயக் குறியோடு சேர்ந்த எழுத்துச் சரமாகத் தருகிறது. ரூபாயில் ₹ 1,234.50 என வரும். அங்கே காற்புள்ளியை நீக்கினால் போதும். அதே பழக்கத்தில் யூரோவையும் வாசித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 12,50€ என்ற சரத்தில் காற்புள்ளியே தசமக் குறி. அதை நீக்கினால் பன்னிரண்டரை யூரோ 1250 யூரோவாகிவிடும். முழு யூரோ விலைகள் 12,--€ என்ற வடிவில் வருவதால், அதே ஸ்கிரிப்ட் அவற்றை மட்டும் 12 என்று சரியாக வாசித்துவிடும். ஆகவே பத்து பொருளைச் சோதித்து இரண்டு சரியாக இருந்ததும் கருவி நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. எளியது, ஸ்டீமிடம் டாலரிலோ ரூபாயிலோ மட்டுமே கேட்பது. மற்றது, நாணய எண்ணைப் பார்த்து எந்தக் குறி தசமம் என்று தீர்மானிக்கும் ஒரு சிறு அட்டவணையை ஸ்கிரிப்டுக்குள் வைப்பது. நாணயக் குறிக்கும் எண்ணுக்கும் நடுவே வரும் வெற்றிடம் சாதாரண வெற்றிடமாக இல்லாமலும் போகலாம் என்பதால், இலக்கமும் தசமக் குறியும் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வாசிப்பது பாதுகாப்பானது.

### சில விழுக்காடு மட்டும் வேறுபாடு

டாலர் விலையை வங்கி விகிதத்தால் பெருக்கி வரும் ரூபாயும், ஸ்டீமிடம் நேரடியாக ரூபாயில் கேட்டு வரும் விலையும் ஒன்றாக இருக்காது. ஸ்டீம் தனக்கென ஒரு மாற்று விகிதத்தைப் பயன்படுத்துகிறது. இது கோளாறு அல்ல. ஆனால் ஒரே அட்டவணையில் இரு முறைகளையும் கலக்கக் கூடாது.

## அறிகுறி 4: இரு சந்தைகளுக்கு இடையே நம்ப முடியாத லாபம் தெரிகிறது

இந்த அறிகுறிக்கு அதிக நேரம் கொடுங்கள்; காசு இழப்பு நடப்பது இங்கேதான். கருவி ஒரு பொருளை இங்கே வாங்கி அங்கே விற்றால் 30 விழுக்காடு லாபம் என்று காட்டினால், அது வாய்ப்பு என்று நினைப்பதற்கு முன் பிழை என்று வைத்துக்கொண்டு கீழுள்ளவற்றைச் சோதியுங்கள்.

### கட்டணம் சரியாகக் கழிக்கப்பட்டதா?

ஸ்டீம் பட்டியலில் தெரிவது வாங்குபவர் செலுத்தும் தொகை. கவுன்டர்-ஸ்ட்ரைக் பொருட்களுக்கு அதில் ஸ்டீமின் 5 விழுக்காடும் விளையாட்டுக்கான 10 விழுக்காடும் அடங்கியுள்ளன. இவை விற்பவர் பெறும் தொகையின் மீது கூட்டப்படுபவை. 1,150 ரூபாய்க்கு விற்றால் விற்பவருக்கு 1,000 ரூபாய் கிடைக்கும். பல ஸ்கிரிப்டுகள் 1,150-லிருந்து 15 விழுக்காட்டைக் கழித்து 977.50 என்று காட்டுகின்றன. சரியான கணக்கு 1.15-ஆல் வகுப்பது. மிக மலிவான பொருட்களில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் குறைந்தபட்சத் தொகை இருப்பதால், அங்கே விழுக்காட்டுக் கணக்கே பொருந்தாது. மலிவான ஸ்டிக்கர்களையும் பெட்டிகளையும் இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுவது நல்லது.

### ஒப்பிடுவது ஒரே வகைப் பணமா?

ஸ்டீமில் விற்ற பணம் ஸ்டீம் வாலட்டுக்குள் போகும்; அதை வங்கிக்கு மாற்ற முடியாது. மற்ற சந்தைகளில் கிடைப்பது எடுக்கக்கூடிய பணம். ஆகவே ஸ்டீம் விலை வழக்கமாகவே உயர்ந்து நிற்கும். அந்த வேறுபாட்டை லாபம் என்று காட்டும் கருவி இரண்டு வெவ்வேறு பொருட்களைக் கூட்டிக் கழிக்கிறது. அட்டவணையில் வாலட் விலைக்கும் பண விலைக்கும் தனித்தனி நெடுவரிசைகளை வைத்து, குறுக்காகக் கழிக்கும் சூத்திரத்தை நீக்குங்கள்.

### உண்மையிலேயே ஒரே பொருளா?

டாப்ளர் கத்திகளில் (ஒரே பெயரில் பல வண்ண வகைகள் வரும் ஸ்கின்) இந்தக் கேள்வி மிக முக்கியம். ஃபேஸ் 1 முதல் 4 வரையிலும், ரூபி, சஃபையர், பிளாக் பேர்ல் ஆகியவற்றிலும் விலைகள் பல மடங்கு வேறுபடும். ஆனால் ஸ்டீமின் மார்க்கெட் ஹாஷ் பெயர் இவை அனைத்துக்கும் ஒன்றே. ஒரு சந்தையின் சாதாரண ஃபேஸ் விலையையும் இன்னொரு சந்தையின் ரூபி விலையையும் ஒரே வரியில் போட்டால் கருவி ஒரு பெரிய லாபத்தைக் காட்டும், அது பொய். இவற்றைப் பிரிப்பது பெயின்ட் இன்டெக்ஸ் என்ற எண்: பெரும்பாலான சாதாரண டாப்ளர் கத்திகளில் 415 ரூபி, 416 சஃபையர், 417 பிளாக் பேர்ல், 418 முதல் 421 வரை நான்கு ஃபேஸ்கள். பெரும்பாலான காமா டாப்ளர் கத்திகளில் 568 எமரால்டு. பெயின்ட் இன்டெக்ஸைத் தராத சந்தையின் டாப்ளர் விலையை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம்.

ஒவ்வொரு பொருளிலும் வண்ண வடிவம் மாறும் கேஸ் ஹார்டன்டு வகைகளிலும், விலையுயர்ந்த பழைய ஸ்டிக்கர் ஒட்டிய துப்பாக்கிகளிலும், ஃப்ளோட் மிகக் குறைந்த பொருட்களிலும் தனித்தனிப் பொருளுக்குத் தனித்தனி விலை. அவற்றைப் பெயரால் ஒப்பிடும் எந்தக் கருவியும் தோற்கும். உங்களிடம் அப்படிப்பட்ட பொருள் இருந்தால் கருவியை மூடிவிட்டு, அந்த வடிவங்களை நன்கு அறிந்த, பலரும் நம்பும் ஒரு வர்த்தகரிடம் மதிப்புக் கேளுங்கள். அவரே அதை வாங்க முன்வந்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

### விற்பனை நடக்கும் பொருளா?

எண்ணிக்கைப் புலத்தைப் பாருங்கள். நாளுக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் பொருளில் குறைந்த விலை என்பது ஒரே ஒருவரின் விருப்பம். அதை யாரேனும் வேண்டுமென்றே ஏற்றியும் வைத்திருக்கலாம். குறைந்த விலையும் மீடியனும் வெகுவாக விலகியிருந்தால் அந்த வரியைச் சிவப்பாக்கும்படி ஒரு விதி எழுதுங்கள். புதிதாக வாங்கிய பொருளை 7 நாட்களுக்கு மாற்ற முடியாது என்ற கட்டுப்பாடு 2018 மார்ச் முதல் இருப்பதால், இன்று தெரியும் இடைவெளி விற்கும் நாளில் இருக்குமா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

## அறிகுறி 5: விலை நாள்கணக்கில் மாறவே இல்லை

முதலில் ஸ்கிரிப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். கணினி உறக்க நிலைக்குப் போயிருப்பதே பெரும்பாலும் காரணம். ஓடுகிறது என்றால், கோரிக்கை தோற்றபோது பழைய விலையையே மீண்டும் எழுதும் வரி எங்கோ இருக்கிறது. ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் அது எப்போது எடுக்கப்பட்டது என்ற நேரத்தைச் சேமித்து, ஒரு நாளுக்கு மேல் பழையதானால் கட்டத்தைச் சாம்பல் நிறமாக்குங்கள். வாடகை சர்வரில் ஓட்டுபவர்கள் அங்கே நேரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி வேறுபாடு.

விலை வரலாற்று வரைபடம் மட்டும் நின்றுபோனால் காரணம் வேறு. ஸ்டீமின் விலை வரலாறு உள்நுழைந்தவருக்கு மட்டுமே கிடைக்கும். கருவி பயன்படுத்திய உள்நுழைவுக் குக்கீ (நீங்கள் உள்நுழைந்ததற்கு உலாவி வைத்திருக்கும் அடையாளம்) காலாவதியாகியிருக்கும். புதிய குக்கீயை ஒட்டினால் வேலை செய்யும், ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் குக்கீயை வைத்திருப்பவர் உங்கள் கணக்குக்குள் இருப்பவருக்குச் சமம். தினமும் எடுக்கும் விலையை நீங்களே ஒரு கோப்பில் சேர்த்துவந்தால் சில மாதங்களில் உங்கள் சொந்த வரலாறு தயாராகிவிடும்.

## அறிகுறி 6: ஒரே இரவில் எல்லாம் சரிந்தது அல்லது ஏறியது

கருவியைக் குற்றம் சொல்லும் முன் விளையாட்டின் புதுப்பிப்புக் குறிப்பைப் படியுங்கள். 2025 அக்டோபர் 22 அன்று வந்த புதுப்பிப்பில், கோவர்ட் என்ற உயர்தர ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெறும் வழியை விளையாட்டின் நிறுவனமான வால்வ் திறந்தது. கத்திகளின் விலை வேகமாகச் சரிந்தது. மலிவான கோவர்ட் ஸ்கின்கள் ஏறின. நமக்கு அது 23-ஆம் தேதி காலை. முந்தைய விலையிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் நிராகரி என்று எழுதப்பட்டிருந்த எந்தக் கருவியும் அன்று உண்மையான விலையைத் தள்ளிவிட்டுப் பழைய விலையையே காட்டியிருக்கும்.

எனவே அந்த விதியை இப்படி மாற்றுங்கள்: திடீர் மாற்றம் ஒரு சந்தையில் மட்டும் தெரிந்தால் நிறுத்தி வை, இரண்டு சந்தைகளில் ஒரே திசையில் தெரிந்தால் ஏற்றுக்கொள்.

## அறிகுறி 7: கருவி உள்நுழையச் சொல்கிறது, அல்லது ஏபிஐ சாவி கேட்கிறது

மற்ற அறிகுறிகளில் நேரம் போகும். இதில் இன்வென்டரியே போகும். ஸ்டீமின் பிரைஸ்ஓவர்வியூவுக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஸ்டீம் வெப் ஏபிஐ சாவியும் (உங்கள் கணக்கின் பெயரில் ஸ்டீமின் ஏபிஐயைப் பயன்படுத்த விடும் ரகசியக் குறி) தேவையில்லை. விலை பார்ப்பதற்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு இவற்றில் எதையேனும் கேட்கும் தளத்தையோ உலாவி நீட்சியையோ உடனே மூடிவிடுங்கள். சில சந்தைகள் தமது ஏபிஐக்குத் தாமே ஒரு சாவி தரும். அது வேறு, அதைப் பயன்படுத்தலாம்.

ஏற்கனவே கொடுத்துவிட்டிருந்தால் ஸ்டீமின் ஏபிஐ சாவிப் பக்கத்துக்கு முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள். நீங்கள் உருவாக்காத சாவி அங்கே இருந்தால், உங்கள் வர்த்தக முன்மொழிவுகளை யாரோ கவனித்து வருகிறார்கள் என்று பொருள். அவர்கள் உண்மையான முன்மொழிவை ரத்து செய்துவிட்டு, அதே பெயரும் படமும் கொண்ட போலிக் கணக்கிலிருந்து இன்னொன்றை அனுப்புவார்கள். நீங்கள் கைபேசியில் உறுதி செய்தவுடன் பொருள் அவர்களிடம் போய்விடும்.

அப்படியானால் வரிசை முக்கியம். முதலில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். அடுத்து கடவுச்சொல்லையும், ஸ்டீமுடன் இணைந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பிறகு அந்தச் சாவியை நீக்குங்கள். திருடர் உள்ளே இருக்கும்போது சாவியை மட்டும் நீக்கினால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ள முயல்வார். நிலுவையில் உள்ள முன்மொழிவுகள் அனைத்தையும் ரத்து செய்யுங்கள்.

பொருள் போய்விட்டது என்றால் நாள்களை எண்ணத் தொடங்குங்கள். 2025 ஜூலையில் வந்த வர்த்தகப் பாதுகாப்பின்படி, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 பொருட்களின் வர்த்தகத்தை 7 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். அந்த ஏழு நாட்களின் பாதுகாக்கப்பட்ட வர்த்தகங்கள் அனைத்தும் சேர்ந்தே திரும்பும், அதன்பின் 30 நாட்களுக்குக் கணக்கின் வர்த்தகம் கட்டுப்படுத்தப்படும். கணக்குக்குள்ளேயே நுழைய முடியாவிட்டால் நண்பரையோ இணையத்தில் மீட்டுத் தருவதாகச் சொல்பவரையோ நாட வேண்டாம். ஸ்டீமின் அதிகாரபூர்வ உதவிப் பக்கத்தில் கணக்கு மீட்புக் கோரிக்கையைப் பதிந்து, வாலட்டில் பணம் சேர்த்த பழைய ரசீது ஒன்றையும், கணக்கைத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரியையும் அதனுடன் இணையுங்கள்.